கணக்கில் பணமா? கிராமத்தில் பள்ளியா?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வல்லக்கோட்டை வழியாக ஒரகடம் செல்லும் சாலையில், விடிகாலையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் போதும். நமது காலத்தின் கதை கண்ணெதிரே ஓடும். முதலில் கம்பெனி பஸ்கள் வருகின்றன. ராத்திரி ஷிப்டு முடித்த தொழிலாளர்களை இறக்கிவிட்டு, காலை ஷிப்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு பறக்கின்றன. அவை போய்த் தூசி அடங்குவதற்குள் மஞ்சள் வண்ணப் பள்ளிக்கூட வேன்கள் வருகின்றன. ராத்திரி முழுவதும் கண்விழித்த தகப்பன், வீட்டுக்குள் நுழையுமுன் பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டுத்தான் போகிறான். அவன் வாங்கும் கூலி எந்தக் கை வழியே எங்கே போகிறது என்பதை அந்த வேன் சொல்லும்.

வல்லக்கோட்டை முருகனை நாடி செவ்வாய் தோறும், கிருத்திகை தோறும் ஜனங்கள் வருகிறார்கள். வேலை நிரந்தரமாக வேண்டும், வீடு அமைய வேண்டும், பிள்ளை படிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள். மூன்றாவது வேண்டுதலை நிறைவேற்றும் பொறுப்பைத் தெய்வத்தின் தலையில் கட்டத் தேவையில்லை. அரசியல் சட்டம் அதைச் சர்க்காரின் தலையில்தான் வைத்திருக்கிறது. பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்து ஆண்டுகளுக்குள் தர முயல வேண்டும் என்று 1950-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் 45-வது பிரிவு கூறியது. அதாவது 1960-க்குள்! அதை அடிப்படை உரிமையாக்கிய 86-வது திருத்தம் வந்தது 2002-ல். அதற்கான சட்டம் இயற்றப்பட்டது 2009-ல். அது அமலுக்கு வந்தது 2010 ஏப்ரல் 1-ல். பத்து ஆண்டு வாக்குறுதி சட்ட உருவம் பெறவே அறுபது ஆண்டுகள் ஆயின.

இப்பொழுது அந்தப் பொறுப்பையும் தோளிலிருந்து மெல்ல இறக்கி வைக்க ஒரு புது வழி பேசப்படுகிறது. "சர்க்கார் பள்ளி நடத்துவானேன்? படிப்புக்கான பணத்தைக் குழந்தையின் பேரில் ஒரு கணக்கில் போட்டுவிட்டால் போகிறது. பெற்றோர் தாம் விரும்பும் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கட்டட்டும். பணம் பிள்ளையைத் தொடரட்டும்" என்கிறார்கள். கேட்பதற்கு இனிக்கிறது. கூலிக்காரனின் பிள்ளையும் கோடீசுவரனின் பிள்ளையும் ஒரே கடையில் சரக்கு வாங்கலாம் என்றால் யாருக்குத்தான் இனிக்காது? ஆனால் சரக்கின் விலையை நிர்ணயிப்பவன் யார், கடையின் கதவைத் திறப்பவன் யார், கணக்கில் பணம் போடுவதை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால் இனிப்பு கசந்துவிடும். அந்த மூன்று கேள்விகளையும் இங்கே கேட்கிறோம்.

எங்கிருந்து வந்தது இந்த யோசனை?

1955-ல் மில்டன் பிரீட்மன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், கல்விக்குச் சர்க்கார் பணம் கொடுக்கலாம், ஆனால் பள்ளிகளைச் சர்க்காரே நடத்த வேண்டிய அவசியமில்லை என்று ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டில்தான், 1954-ல், வெள்ளைக் குழந்தைகளையும் நீக்ரோ குழந்தைகளையும் தனித்தனிப் பள்ளிகளில் பிரித்து வைப்பது செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அன்று அப்படி அழைக்கப்பட்ட கறுப்பின மக்களின் குழந்தைகளுடன் தம் குழந்தைகளைச் சேர்த்து உட்கார வைக்க மனமில்லாத ஆதிக்கக்காரர்கள் என்ன செய்தார்கள்? வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் என்ற வட்டாரத்தில் 1959-ல் பொதுப் பள்ளிகள் அனைத்தையும் இழுத்து மூடினார்கள். வெள்ளைக் குழந்தைகளுக்காகத் தனியார் பள்ளி திறந்தார்கள். அதற்குக் கட்டணம் செலுத்தப் பொதுப் பணத்திலிருந்து உதவித்தொகை கொடுத்தார்கள். கறுப்பினக் குழந்தைகள் 1964 வரை ஐந்து ஆண்டுகள் பள்ளியின்றித் தெருவில் நின்றார்கள். பணம் பிள்ளையைத் தொடர்ந்தது, வாஸ்தவம்தான். எந்தப் பிள்ளையை என்பதுதான் கேள்வி!

அதே அமெரிக்காவில் இன்று அந்த யோசனை "கல்விச் சேமிப்புக் கணக்கு" என்ற புதுச் சட்டை போட்டுக்கொண்டு நடமாடுகிறது. அரிசோனா மாநிலம் 2011-ல் இதை முதன்முதலில் தொடங்கியபோது, உடல் ஊனமுற்ற குழந்தைகளுக்கு உதவி என்று சொன்னது. இரக்கமுள்ள எவரும் எதிர்க்க முடியாத ஆரம்பம். பிறகு சிறுகச் சிறுகக் கதவை அகலமாக்கி, 2022-ல் எல்லாக் குழந்தைகளுக்கும் என்று திறந்துவிட்டது. ஒரு குழந்தைக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 7,000 டாலர். கதவு திறந்தவுடன் முண்டியடித்து நுழைந்தவர்கள் யார்? பொதுப் பள்ளியில் தவித்துக்கொண்டிருந்த ஏழைகளா? அல்ல. புதிதாக மனுச் செய்தவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே பொதுப் பள்ளிக்கு வெளியே, தனியார் பள்ளியிலோ வீட்டிலோ படித்துக்கொண்டிருந்தவர்கள். தாம் கட்டி வந்த கட்டணத்தை இப்பொழுது பொதுக் கஜானா கட்டுகிறது, அவ்வளவுதான் மாற்றம். 2025-ல் டெக்சாஸ் மாநிலமும் 100 கோடி டாலர் ஒதுக்கி இதே வழியில் இறங்கியிருக்கிறது.

தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் கதை இன்னும் தெளிவானது. பினோசே என்ற ராணுவ சர்வாதிகாரியின் ஆட்சி, 1981-ல் பள்ளிகளுக்கான பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்து, சர்க்கார் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் ஒன்றுபோல் கொடுத்தது. தனியார் பள்ளிகள் பெருகின. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளை அவை பொறுக்கி எடுத்துக்கொண்டன. மிஞ்சிய பிள்ளைகள் நகராட்சிப் பள்ளிகளில் தங்கினர். 2006-ல் பள்ளி மாணவர்களே வீதிக்கு வந்து கிளர்ச்சி செய்தனர். 2011-ல் மீண்டும் நாடே குலுங்கியது. கடைசியில் 2015-ல், பொதுப் பணம் பெறும் பள்ளிகள் லாபம் பார்ப்பதையும், மேல் கட்டணம் வாங்குவதையும், பிள்ளைகளைப் பொறுக்கிச் சேர்ப்பதையும் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. முப்பத்து நான்கு ஆண்டுகள், ஒரு தலைமுறையின் பள்ளி வாழ்க்கை முழுவதும், அந்தப் பரீட்சைக்குக் கழிந்தது.

நம் வீட்டுக் கதவருகே

இதெல்லாம் எங்கோ தொலைதேசத்துச் சமாசாரம் என்று எண்ண வேண்டாம். பக்கத்து ஆந்திரத்தில் 2020 ஜனவரியில் "அம்ம வொடி" என்ற திட்டம் தொடங்கப்பட்டது. ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைத் தாயின் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 15,000 ரூபாய். பிள்ளை சர்க்கார் பள்ளியில் படித்தாலும் சரி, தனியார் பள்ளியில் படித்தாலும் சரி. ஆட்சி மாறியது, பெயரும் மாறியது. 2025 ஜூனில் "தல்லிக்கி வந்தனம்" என்ற பெயரில், வீட்டில் எத்தனை பிள்ளைகள் படித்தாலும் அத்தனை பேருக்கும் என்று விரிவாக்கப்பட்டது. அந்த 15,000-ல் 2,000 ரூபாயைப் பள்ளிப் பராமரிப்புக்கு எடுத்துக்கொண்டு 13,000 ரூபாய் தாயின் கணக்குக்குப் போகிறது.

ஏழைத் தாயின் கையில் நாலு காசு சேர்வதை நாம் குறை கூற மாட்டோம். அந்தப் பணத்தால் வேலைக்குப் போகாமல் பள்ளிக்குப் போன பிள்ளை உண்டு, அதுவரை நல்லதே. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 13,000 என்றால் மாதத்துக்கு 1,100 ரூபாய்கூட இல்லை. சர்க்கார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அது அரிசிக்கும் செருப்புக்கும் ஆகும். தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கோ, தாயின் கணக்கில் ராத்தங்கி மறுநாள் பள்ளி முதலாளியின் கணக்குக்குப் போய்விடும். ஒரே பணம்தான். ஆனால் முதல் இடத்தில் அது குடும்பத்துக்கு உதவி. இரண்டாம் இடத்தில் அது பள்ளி வியாபாரத்துக்கு மானியம்.

தமிழ்நாட்டில் கணக்கில் போடும் திட்டங்களே இல்லையா? இருக்கின்றன. 1992-ல் தொடங்கிய பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில், பெண் குழந்தையின் பேரில் சர்க்கார் வைப்புத் தொகை போட்டு, பதினெட்டு வயதில் வட்டியுடன் கொடுக்கிறது. 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் சேர்கிறது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது கிடைத்தது. இந்தப் பணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கவனியுங்கள். பொதுப் பள்ளியில் படித்தவனைத் தேடி வருகிறது. பொதுப் பள்ளியை விட்டு ஓடச் சொல்லவில்லை. 2020-ல் மருத்துவப் படிப்பில் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு அளிக்கப்பட்ட 7.5 சதவிகித இடமும் அந்த வழியில் வந்ததே. எனவே நமது சண்டை வங்கிக் கணக்கோடு அல்ல. கணக்கு எதைக் கட்டுகிறது, எதை இடிக்கிறது என்பதே பிரச்னை.

25 சதவிகிதத்தின் கதை

கல்வி உரிமைச் சட்டத்தின் 12-வது பிரிவு, தனியார் பள்ளிகள் தம் ஆரம்ப வகுப்பு இடங்களில் குறைந்தது நான்கில் ஒரு பங்கை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழந்தைகளுக்கான செலவைச் சர்க்கார் பள்ளிக்குத் திருப்பித் தர வேண்டும். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லும் என்று உறுதி செய்தது. பணக்காரர் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் கூலிக்காரரின் பிள்ளைக்கும் இடம் என்ற நோக்கம் உயர்ந்ததே. அந்த உரிமையைப் பெற்ற பிள்ளைகளுக்காக நாம் வாதாடுவோம். ஆனால் அது நடைமுறையில் எப்படி ஓடுகிறது என்பதை வல்லக்கோட்டையில் இருந்தபடி பார்ப்போம்.

ஒரு ஒப்பந்தத் தொழிலாளியை எண்ணிக்கொள்ளுங்கள். பெயர் எதுவாயினும் ஆகட்டும். இந்தச் சாலையில் அவனைப் போல் ஆயிரக்கணக்கானோர். நலிந்த பிரிவினருக்கான ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம் ரூபாய். அவன் மாதச் சம்பளம் 15,000 என்றால் ஆண்டுக்கு 1,80,000, தப்பித்தான். ஓவர்டைம் செய்து 17,000 வாங்கினால் ஆண்டுக்கு 2,04,000, அகப்பட்டுக்கொண்டான்! அந்த 4,000 ரூபாய்க்காக அவன் பிள்ளை "வசதி படைத்தவன் பிள்ளை" ஆகிவிடுகிறது. மனைவியும் ஒரு பாக்டரியில் வேலைக்குப் போனால் பேச்சே இல்லை. அதிகம் உழைத்தால் உரிமை போய்விடும் என்பது எந்த நாட்டு நியாயம்?

வரம்புக்குள் இருந்தாலும் போதாது. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பள்ளிக்கு முன்னுரிமை. தாலுகா ஆபீசில் வருமானச் சான்றிதழ் வாங்க வேண்டும். இருப்பிடச் சான்று வேண்டும். வாடகைக்கு ஒற்றை அறையில் குடியிருந்து, ஒப்பந்தக்காரன் மாறும்போதெல்லாம் ஊர் மாறுகிறவனுக்கு எது இருப்பிடம்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து இந்தப் பாக்டரிகளின் சுவரை எழுப்பியவன், எந்தத் தாசில்தாரிடம் போய் எந்த மொழியில் மனுக் கொடுப்பான்?

எல்லாம் சரியாக இருந்து மனுக்கள் இடங்களைவிட அதிகமானால், சில சிறப்புப் பிரிவினர் நீங்கலாக மற்றவர்களுக்குக் குலுக்கல்! லாட்டரிச் சீட்டை 2003-ல் தடை செய்த மாநிலம் இது. கூலிக்காரன் லாட்டரியில் ஏமாறக் கூடாது என்று தடுத்த அதே மாநிலத்தில், கூலிக்காரன் பிள்ளையின் படிப்பைத் தீர்மானிப்பது குலுக்கல். பெயர் வந்த பிள்ளை உள்ளே. வராத பிள்ளை வெளியே. உரிமை என்பதைக் குலுக்கிப் போட்டு எடுக்க முடியுமா? குலுக்கி எடுப்பதற்குப் பெயர் பரிசு.

குலுக்கலில் வென்ற பிள்ளையின் கதையும் எட்டாம் வகுப்போடு முடிகிறது. சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரைக்கும்தான். ஒன்பதாம் வகுப்பு வாசலில், இத்தனை ஆண்டு அதே பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளையிடம் முழுக் கட்டணம் கேட்கப்படும். கட்ட முடியாத தகப்பன் என்ன செய்வான்? பதினான்கு வயதில், நண்பர்களை விட்டு, ஆசிரியர்களை விட்டு, அந்தப் பிள்ளை வேறு பள்ளி தேடிப் போகிறது. ஏணியைப் பாதி வழியில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. வேன் வாடகை, சீருடை, புத்தகம் என்று வழியெல்லாம் பெற்றோர் கையைக் கடிக்கும் செலவுகளைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

பண மூட்டையின் முடிச்சு யார் கையில்?

இப்பொழுது மூன்றாவது கேள்விக்கு வருவோம். பணம் போடுவதை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

2024-25-ம் ஆண்டில் சமக்ர சிக்ஷா திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,100 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மத்திய நிதி வரவில்லை. காரணம், பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை; அதில் கையெழுத்திட்டால் 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றதாகும். கையெழுத்துப் போடு, பணம் தருகிறேன் என்பது கந்துவட்டிக்காரன் பேச்சு. அது மத்திய சர்க்காரின் பேச்சாக இருக்கலாமா? இந்தப் பணம் தமிழ்நாட்டு ஜனங்கள் கட்டிய வரியிலிருந்தும் போனதுதான். இந்தச் சாலையில் தயாராகும் ஒவ்வொரு காருக்கும் டயருக்கும் செல்போனுக்கும் வரி போகவில்லையா?

பழி யாருக்கு வந்தது? 25 சதவிகிதத்தில் சேர வேண்டிய குழந்தைகளுக்கு. 2025-26 கல்வியாண்டுக்கான சேர்க்கை வழக்கமான கோடை மாதங்களில் நடக்கவே இல்லை. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2025 ஜூனில், கல்வி உரிமைச் சட்டத்துக்கான நிதியைத் தேசியக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்று நீதிமன்றம் கூறியது. பள்ளிகளுக்குப் பணம் திருப்பிக் கொடுக்கும் கடமையிலிருந்து மாநிலமும் நழுவ முடியாது என்றது. மாநில சர்க்கார் உச்ச நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுத்தது. கடைசியில் அந்த இனத்துக்கான நிதியை விடுவிக்க மத்திய சர்க்கார் இணங்கி, 2025 அக்டோபரில் சேர்க்கை தொடங்கியது.

அக்டோபரில் சேர்க்கை என்றால் என்ன பொருள்? ஜூனில் பள்ளி திறந்துவிட்டது. எனவே, அந்தத் தனியார் பள்ளிகளில் ஏற்கெனவே சேர்ந்திருந்த குழந்தைகளிலிருந்தே தகுதியுள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து, கட்டிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுப்பது என்று ஏற்பாடாயிற்று. யார் ஜூனில் சேர்ந்திருப்பார்கள்? கடனோ உடனோ வாங்கி, தாலியை அடகு வைத்தாவது கட்டணம் கட்டியவர்கள். அடகு வைக்கவும் ஒன்றுமில்லாதவனின் பிள்ளை அந்தப் பள்ளியில் அக்டோபரில் எப்படி இருந்திருக்க முடியும்? ஏழையிலும் ஏழைக்கென்று எழுதிய சட்டத்தில் ஏழையிலும் ஏழையே முதலில் விழுந்துவிட்டான்!

கர்நாடகத்தைப் பாருங்கள். அங்கே 2019-ல் விதி மாற்றப்பட்டது. பக்கத்தில் சர்க்கார் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால், தனியார் பள்ளியில் இலவச இடம் கிடையாது என்றாயிற்று. ஒரு விதியை மாற்றி எழுத ஒரு ஆபீசில் ஒரு பேனா போதும். ஒரு கணக்கை நிறுத்த ஒரு பொத்தான் போதும். ஆனால் ஊர் நடுவே கல்லும் சுண்ணாம்புமாக நிற்கும் பள்ளிக்கூடத்தை ஒரு பொத்தானால் அணைக்க முடியாது. அதற்கு ஊர் இருக்கிறது. வாசலில் ஜனங்கள் நிற்பார்கள். அதுதான் வித்தியாசம்.

"அப்படியானால், நிதி நின்றபோது சர்க்கார் பள்ளிகளும்தானே கஷ்டப்பட்டன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பட்டன, அந்த நிதியை நம்பிய திட்டங்கள் தள்ளாடின. ஆனால் பள்ளி மூடப்படவில்லை. வருகைப் பதிவேடு எடுக்கப்பட்டது, அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் சாப்பிட்டார்கள், படித்தார்கள். கணக்கை மட்டும் நம்பியிருந்த பிள்ளைக்கோ கதவே திறக்கவில்லை.

பெற்றோரைக் குறை சொல்லலாமா?

சர்க்கார் பள்ளி இருக்கும்போது வேன் பள்ளிக்கு ஏன் அனுப்புகிறீர்கள் என்று தொழிலாளியைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். நாம் அப்படிச் சுளிக்க மாட்டோம். அவன் ஏன் அனுப்புகிறான் என்பதை நேர்மையாகக் கேட்க வேண்டும்.

முதல் காரணம், மூன்று வயது. இந்தப் பிரதேசத்தில் தகப்பனும் தாயும் ஷிப்டுக்குப் போகிறார்கள். மூன்று வயதுப் பிள்ளையைத் தனியார் பள்ளி எல்.கே.ஜி.யில் வாங்கிக்கொள்கிறது. சர்க்கார் தொடக்கப் பள்ளியோ ஐந்து வயதில் வா என்கிறது. சேர்ந்த இடத்திலேயே பிள்ளை தங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் 2019-ல் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. நல்ல ஆரம்பம். ஆனால் தமிழ்நாட்டில் சர்க்கார் பள்ளிகளின் எண்ணிக்கை 37,000-க்கும் மேல். பதினைந்தில் ஒரு பங்கு இடத்தில் கூரை போட்டுவிட்டு ஊருக்கெல்லாம் நிழல் என்று சொல்ல முடியாது.

இரண்டாம் காரணம், ஆசிரியர். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படியே, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும். வகுப்புகள் ஐந்து, ஆசிரியர் இருவர்! ஒருவர் ஒன்றாம் வகுப்புக்கு அகரம் சொல்லிக் கொடுக்கும்போதே மூன்றாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கு போட வேண்டும். ஒருவர் லீவு எடுத்தாலோ, ஆபீசில் விவரம் கேட்டாலோ, மற்றவர் தலையில் ஐந்து வகுப்பும். அந்த ஆசிரியர்கள் படும் பாடு அவர்களுக்குத்தான் தெரியும். வகுப்புக்கு ஒரு ஆசிரியர் நிற்கும் தனியார் பள்ளியைத் தகப்பன் பார்க்கிறான். அங்கே நிற்பவருக்கு என்ன படிப்பு, எவ்வளவு குறைந்த சம்பளம் என்பது அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆள் நிற்பது மட்டும் தெரிகிறது.

மூன்றாம் காரணம், நேரம். பள்ளி நாலு மணிக்கு விடுகிறது. ஷிப்டு அப்பொழுது விடுவதில்லை. அந்த இடைவெளியில் பிள்ளை யார் கையில்? வேனும், டியூஷனும் அந்த இடைவெளியை விலைக்கு விற்கின்றன. தாய் தகப்பன் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

மூன்றும் சரிசெய்யக்கூடிய குறைகள். இவற்றைச் சரிசெய்யாமல் விட்டுவிட்டு, "நீ விரும்பித்தானே போனாய்" என்று சொல்வது பித்தலாட்டம். வேறு வழியின்றி ஒன்றை எடுப்பதற்குத் தேர்வு என்று பெயர் வைக்க முடியாது, அது நிர்ப்பந்தம்.

தமிழ்நாடு நடந்து வந்த வழி

தமிழ்நாடு இந்தப் பாடத்தை முன்பே கற்றிருக்கிறது. 1953-ல் அரை நாள் பள்ளி, அரை நாள் தகப்பன் தொழில் என்ற திட்டம் கொண்டுவரப்பட்டபோது ஜனங்கள் பொங்கி எழுந்தார்கள். 1954-ல் அது கைவிடப்பட்டது. அதன் பின் காமராஜ் ஆட்சியில் என்ன நடந்தது? ஏழைப் பிள்ளையின் கையில் சீட்டைக் கொடுத்து "உனக்குப் பிடித்த பள்ளியைத் தேடிப் போ" என்று சொல்லவில்லை. பள்ளி கிராமத்தைத் தேடி வந்தது. 1956 முதல் மதியச் சோறும் வந்தது. 1982-ல் அது சத்துணவாக விரிந்தது. 2022-ல் காலை உணவும் சேர்ந்தது; 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் போய், இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளியில் பசியாறுகிறார்கள். இந்த ஏழு தசாப்தத்தில் தமிழன் பெற்ற கல்வியெல்லாம் இப்படி வந்ததுதான். இந்தச் சாலையிலுள்ள பாக்டரிகளில் ஐ.டி.ஐ.யும் டிப்ளமாவும் படித்த கைகள் கிடைக்கின்றன என்றுதானே முதலாளிகள் இங்கே வந்தார்கள்? அந்தக் கைகளைத் தயாரித்தது எது? ஊர் ஊராக நின்ற பொதுப் பள்ளிதான்.

1966-ல் அறிக்கை கொடுத்த கோத்தாரி கமிஷன் இரண்டு விஷயங்களைச் சொல்லிற்று: பணக்காரனும் ஏழையும் ஒரே பள்ளியில் படிக்கும் பொதுப் பள்ளி முறை வேண்டும், தேசிய வருமானத்தில் 6 சதவிகிதம் கல்விக்குச் செலவாக வேண்டும். அறுபது ஆண்டுகள் ஆகின்றன. இரண்டும் நிறைவேறவில்லை. அந்த 6 சதவிகிதத்தைக் கொடுத்துப் பார்க்காமலேயே "பொதுப் பள்ளி தோற்றுவிட்டது" என்று தீர்ப்பெழுதுவது, பட்டினி போட்டுவிட்டு மாடு உழவில்லை என்று சொல்வது போன்றது.

பணம் இல்லையா? வல்லக்கோட்டைக்கு அருகே வல்லம் வடகாலில், பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கும் விடுதியைச் சிப்காட் 706 கோடி ரூபாய் செலவில் கட்டியது. 2024 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது. வீட்டை விட்டு வந்த பெண்களுக்குப் பத்திரமான இருப்பிடம் வேண்டியதே. அதை நாம் குறை கூறவில்லை. நாம் கேட்பது இதுதான்: உழைப்பவர் படுக்க இடம் கட்ட முடிந்த சர்க்காருக்கு, உழைப்பவர் பிள்ளை படிக்க இடம் கட்ட முடியாதா? பாக்டரிக்கு நிலம், சாலை, மின்சாரம், தண்ணீர் எல்லாம் திட்டம் போட்டுத் தருகிறவர்கள், பாக்டரியால் பெருகும் குடும்பங்களுக்குப் பள்ளி வேண்டும் என்பதைத் திட்டத்தில் எழுத மறந்ததேன்?

நாம் கோருவது என்ன?

முதலாவது, 25 சதவிகிதத்தில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளை எவரும் தொடக் கூடாது. அவர்களுக்கான பணம் காலத்தில் வர வேண்டும். மத்திய சர்க்கார் எந்த நிபந்தனையுமின்றி நிதியை விடுவிக்க வேண்டும். அது வரவில்லை என்று சொல்லி மாநில சர்க்கார் குழந்தையின் கதவை மூடக் கூடாது. எட்டாம் வகுப்போடு அவர்களைக் கைவிடாமல் பன்னிரண்டு வரை பாதுகாக்க வேண்டும். இருவர் சண்டையில் குழந்தை பணயமாகக் கூடாது.

இரண்டாவது, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியிலும் வகுப்புக்கு ஒரு ஆசிரியர் வேண்டும். மூன்று வயது முதல் பிள்ளைகளைச் சேர்க்கும் மழலையர் வகுப்பு ஒவ்வொரு பள்ளியோடும் வேண்டும். ஷிப்டு முடியும் வரை பிள்ளை பத்திரமாக இருக்க மாலை நேர ஏற்பாடு வேண்டும்.

மூன்றாவது, ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் ஸ்தாபனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்துக்கு 2017-ல் வந்த திருத்தம் கூறியது. அந்த விதி புதிய சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. அது காகிதத்தில் மட்டும் இராமல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியின் குழந்தைக்கும் அங்கே இடம் வேண்டும்.

நான்காவது, வெளி மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளியின் பிள்ளையை, காகிதம் கேட்டுத் திருப்பி அனுப்பாமல் அன்றே பள்ளியில் உட்கார வைக்க வேண்டும். சான்றிதழ் இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது சட்டமே. அந்தப் பிள்ளை தமிழ் பழகும் வரை துணைக்கு ஒரு ஆசிரியர் வேண்டும். நம் பிள்ளைக்கு ஒரு நியாயம், ஒடியாப் பிள்ளைக்கு ஒரு நியாயம் என்பது தொழிலாளிக்கு அழகல்ல.

இவை வானத்தைக் கேட்கும் கோரிக்கைகள் அல்ல. பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் இருக்கிறது. பெற்றோர் அதில் பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். போனஸ் பற்றியும் நிரந்தரம் பற்றியும் வாசல் கூட்டம் நடத்தும் சங்கங்கள், பிள்ளைகளின் பள்ளியைப் பற்றியும் ஒரு கோரிக்கையைச் சேர்த்துக்கொள்ளட்டும். கூலி உயர்வாக வாங்கிய ஆயிரம் ரூபாய் வேன் வாடகையாகவும் பள்ளிக் கட்டணமாகவும் போய்விட்டால், அந்தக் கூலி உயர்வு யாருக்குக் கிடைத்தது?

கணக்கில் விழும் பணம் ஒரு குடும்பத்தை இன்னொரு குடும்பத்திலிருந்து பிரிக்கும். உனக்கு வந்ததா, எனக்கு வரவில்லை என்று அண்டை வீட்டாரைப் பேச வைக்கும். ஊர்ப் பள்ளி அப்படியல்ல. ஷிப்டு முடித்து வரும் தகப்பன், தன் பிள்ளையையும் அடுத்த வீட்டுப் பிள்ளையையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, வேனுக்குக் காத்திராமல் நடந்தே கொண்டுபோய் விடக்கூடிய பள்ளி வல்லக்கோட்டையிலும் வேண்டும்; வல்லத்திலும் வேண்டும்; ஒரகடத்திலும் வேண்டும். பணம் பிள்ளையைத் தொடர வேண்டாம். பள்ளி பிள்ளையின் வாசலுக்கு வரட்டும்!